விண்டேஜ் என்றால் தொன்மையா?

போன வாரம் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: ‘மீண்டும் வருகிறது தொன்மை நாகரிகம்’. சுமேரியாவோ சிந்துவெளியோ, புதிதாக எதையோ தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் படிக்கப் போனேன். உள்ளே, புள்ளி போட்ட குடைக்கவுனும் பூனைக்கண் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண் நிற்கிறார். 1950களின் உடை. விண்டேஜ் ஃபேஷன் என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். ‘தொன்மையான பெல்பாட்டம்’ பார்த்தாயிற்று, ‘தொன்மைத் தோற்றத்தில் மணப்பெண்’ பார்த்தாயிற்று, விளையாட்டு வர்ணனையில் ஒருவர் தன் பழைய வேகத்தோடு ஆடினால் அதற்கும் ‘தொன்மையான ஆட்டம்’ என்று எழுதியதைப் பார்த்தாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் வீனும் என்றால் திராட்சை மது, தேமெரே என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்த விண்டேமியா என்றால் திராட்சை அறுவடை. அது பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து விண்டேஜ் ஆனது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் புது நாட்காட்டி போட்டபோது, திராட்சை பறிக்கும் பருவத்து மாதத்துக்கு இதே வேரிலிருந்துதான் வாந்தேமியேர் என்று பெயர் வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ‘இந்த மது எந்த ஆண்டு விளைச்சல்’ என்ற பொருள் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுவை விட்டு வெளியே வந்து ‘முந்தைய ஒரு காலத்தைச் சேர்ந்த’ என்று பொதுவானது, 1920களின் இறுதியில் கார்களுக்கு வந்தது, துணிமணிக்கு அதற்கும் பிறகு.

இதில் எங்கேயும் ‘மிகப் பழைய’ என்ற பொருள் இல்லை. இன்றைக்கும் மது வியாபாரத்தில் விண்டேஜ் என்றால் ஒரே ஆண்டில் பறித்த திராட்சையில் செய்தது என்று அர்த்தம், போன வருஷத்து மதுவாக இருந்தாலும் சரி. ‘எந்த ஆண்டு’ என்ற கேள்விதான் இந்தச் சொல்லின் உயிர்.

விண்டேஜோடு சேர்த்துக் குழப்பப்படும் ரெட்ரோ என்ற சொல் வேறு. லத்தீனில் ரெட்ரோ என்றால் ‘பின்னால்’, ‘பின்னோக்கி’. முந்தைய பாணிகளைத் திரும்ப எடுத்து உடுத்தும் மோகம் 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் பரவியபோது அதற்கு இந்தப் பெயர் வந்தது, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதாவது விண்டேஜ் காலத்தைச் சொல்கிறது, ரெட்ரோ பாணியைச் சொல்கிறது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய உடைகள் சேகரிக்கும் என் தோழி ஒருத்தி ஒருநாள் இரண்டு கவுன்களை மேசைமேல் போட்டு, ‘எது அசல், சொல்லு பார்க்கலாம்’ என்றாள். இரண்டும் இடுப்பில் ஒடுங்கிக் கீழே குடையாய் விரிபவை, இரண்டும் புள்ளித் துணி. எனக்குத் தெரியவில்லை. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முதல் கவுனில் இடது அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில், கறுத்துப்போன உலோக ஜிப். உள்தையலில், பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தாராளமாக விட்ட துணி, அதன் ஓரம் நூல் பிரியாமலிருக்க ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியது. அளவுச்சீட்டில் 16. இன்றைய கடையில் 10 வாங்கும் அவளுக்கு அது கச்சிதம், ஏனென்றால் அதே எண் அன்றைக்கு இன்றையதைவிடச் சிறிய அளவைக் குறித்தது. இரண்டாவது கவுனில் முதுகில் கண்ணுக்குத் தெரியாத நைலான் ஜிப், ஓவர்லாக் அடித்த ஓரம், சலவைக் குறிப்புச் சீட்டின் அடியில் ஓர் இணையதள முகவரி. முதலாவது விண்டேஜ், இரண்டாவது ரெட்ரோ. நம் மொழிபெயர்ப்பில் இரண்டுமே தொன்மை. அசல் என்று நம்பி ஒருவர் காசு கொடுத்து இரண்டாவதை வாங்கிவந்தால், அதில் அந்த மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு.

சரி, தொன்மை ஏன் தவறு? தொல் என்ற வேர் தமிழில் எதையெல்லாம் தொட்டு நிற்கிறது என்று பாருங்கள். தொல்காப்பியம், தொல்லியல், தொல்குடி, தொன்மம். செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளில் ஒன்றாகத் தொல்காப்பியர் தொன்மையைச் சொல்லும்போதுகூட ‘உரையொடு புணர்ந்த பழமை மேற்றே’ என்கிறார், வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த பழங்கதையைப் பற்றியது அது. எவர் நினைவுக்கும் எட்டாத தூரத்தில் இருப்பதுதான் தொன்மை. விண்டேஜ் உடை நினைவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் போட்டவர் இன்னும் உயிரோடு இருக்கலாம், இல்லாவிட்டால் அவரைப் பார்த்தவர் இருக்கிறார், அவர் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த புகைப்படம் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அந்த நெருக்கம்தான் இந்த உடைகளின் ஈர்ப்பே. ‘தொன்மை’ என்று சொன்ன மாத்திரத்தில் உடை கண்ணாடிப் பேழைக்குள் போய்விடுகிறது.

இன்னொன்று. மேலே சொன்ன குடைக்கவுனின் வடிவத்துக்கு நாளே குறிக்கலாம். 1947 பிப்ரவரி 12 அன்று ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிசில் தன் முதல் தொகுப்பை அரங்கேற்றியபோதுதான் அந்த ஒடுங்கிய இடையும் கஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடையும் உலகம் முழுவதும் பேச்சானது. போர்க்காலம் முழுக்கத் துணியை அளந்து உடுத்தியவர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள், சிலர் இவ்வளவு துணியை வீணாக்குவதா என்று கோபப்பட்டார்கள். பிரிட்டனில் 1941இல் வந்த துணிப் பங்கீடு 1949 வரைக்கும் நீடித்தது. நாளும் கிழமையும் சொல்லக்கூடிய ஒன்றைப் போய்த் தொன்மை என்பதா?

‘அப்படியானால் நூறு வருஷத்துக்கு மேற்பட்டதை என்ன சொல்வது’ என்று கேட்டால், அதற்குத்தான் இந்தச் சொல்லை எடுத்துவைக்க வேண்டும் என்கிறேன். நாடுகளின் சுங்கத்துறைகள் பொதுவாகப் பின்பற்றும் பொருள் வகைப்பாட்டில், 97.06 என்ற எண்ணின் கீழ், நூறு ஆண்டுக்கு மேற்பட்டதுதான் ஆன்டிக். அதைத் தொன்பொருள் என்று சொல்லலாம். உடை வியாபாரத்தில் விண்டேஜ் என்பது வழக்கமாக இருபது வருஷத்திலிருந்து நூறு வருஷம் வரை. இருபது வருஷத்துச் சட்டையையும் தொன்மை என்றுவிட்டால், நூற்றைம்பது வருஷத்துப் பட்டுக்கு எந்தச் சொல்லைத் தேடுவார்கள்? பெரிய சொல்லைச் சின்ன இடத்தில் செலவழித்துவிட்டால் பெரிய இடத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

‘நாகரிகம்’ வேறு கூடச் சேர்ந்துகொள்கிறது. ‘நாகரிகமாக உடுத்து’ என்ற பேச்சில் அது ஃபேஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் தொன்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த உடனே அது மண்பானையும் செங்கல் சுவரும் ஆகிவிடுகிறது. ஒரு சொல் தனியாக என்ன பொருள் தருகிறது என்று அகராதியில் பார்த்தால் போதாது, பக்கத்துச் சொல்லோடு சேர்ந்து என்ன ஆகிறது என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். ‘புராதன’ என்பதற்குத் தொன்மையின் அதே குறை. ‘பழங்கால’ கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனாலும் அரசர் காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெறும் ‘பழைய துணி’ என்றால் அடுப்படித் துணி. ‘பயன்படுத்திய உடை’ என்பதும் சரியில்லை, விற்காமல் பெட்டியிலேயே கிடந்து, ஒருவர் உடம்பிலும் ஏறாத 1960களின் சட்டையும் விண்டேஜ்தான். ரெட்ரோவுக்குப் ‘பின்னோக்கு’ என்று ஒன்று பார்த்தேன். வேரை மட்டும் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், ‘பின்னோக்கு வாழ்க்கைமுறை’ என்றால் அந்த மனிதர் ஏதோ கெட்டுச் சீரழிகிறார் என்றுதான் படிப்பவருக்குப் படும்.

இவை எல்லாம் வெறும் குழப்பம். ‘பழமைவாத வாழ்க்கைமுறை’ என்பது குழப்பமல்ல, அநியாயம். ரெட்ரோ லைஃப்ஸ்டைல் என்பதை இப்படி எழுதியதை மூன்று இடங்களிலாவது பார்த்துவிட்டேன். பழமைவாதம் ஒரு கொள்கை. பெண் எங்கே இருக்க வேண்டும், யார் யாருக்கு அடங்க வேண்டும் என்றெல்லாம் பேசும் கொள்கை. 1940களின் கவுனைப் போட்டுக்கொண்டு, ரெக்கார்ட் பிளேயரில் இசைத்தட்டு சுழலவிட்டு, தட்டச்சுப் பொறியில் கடிதம் எழுதும் பெண் அந்தக் காலத்தின் உடையையும் ஓசையையும் விரும்புகிறார். அந்தக் காலத்தின் நிறவெறியையும் ஆண் அதிகாரத்தையும் அல்ல. இந்த வட்டத்தில் இருப்பவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், பாணிதான் பழையது, எங்கள் மதிப்பீடுகள் பழையவை அல்ல என்பதை ஒரு முழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைத் தமிழில் ஒரே சொல்லில் பழமைவாதி ஆக்கிவிடுவது அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது.

பழமை என்ற சொல்லுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு குறையும் இல்லை. வள்ளுவர் அதை ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்து, நெடுநாள் பழகிய நட்பின் உரிமை என்ற பொருளில் பத்துக் குறள் பாடியிருக்கிறார். பழகியதால் வரும் அன்பு அதில் இருக்கிறது. கெட்டது பின்னால் ஒட்டிய ‘வாதம்’ மட்டும்தான்.

அப்புறம் எப்படித்தான் சொல்வது? நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பெட்டியிலிருந்து பாட்டி எடுத்துக்கொடுக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து யாரும் ‘தொன்மையான கடிகாரம்’ என்பதில்லை. ‘அந்தக் காலத்துக் கடிகாரம்’ என்கிறோம். விண்டேஜுக்கு இதுதான் தமிழ். அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துக் கேமரா. தலைப்பில் இடம் போதவில்லையா, ‘அக்கால உடை’ என்று சுருக்கலாம். இதில் இருக்கும் சுட்டு, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த ஒரு காலத்தைக் கைநீட்டிக் காட்டுகிறது. பொருள் அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ‘அந்தக் காலத்துச் சரக்கு’ என்று ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்லும்போது தரத்தைப் பற்றிய பாராட்டும் கூடவே வரும், ஆங்கிலத்தில் விண்டேஜுக்கு இருக்கும் அதே பாராட்டு.

ரெட்ரோவுக்குப் ‘பழம்பாணி’. பழம்பாணி உடை, பழம்பாணி வாழ்க்கை. பேச்சுவழக்கில் ‘பழைய மோஸ்தர்’ என்றாலும் எனக்குச் சம்மதம், அழகான சொல் அது. என் தோழியின் முதல் கவுன் அந்தக் காலத்தது, இரண்டாவது பழம்பாணியில் இப்போது தைத்தது. சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படவில்லை.

‘அந்தக் காலம் என்றால் எந்தக் காலம், தெளிவில்லையே’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்விதான், விண்டேஜின் பிறப்பிலேயே இருக்கும் கேள்வியும் அதுதான் என்றேன். தெளிவு வேண்டுமென்றால் பத்தாண்டைப் போடுங்கள், ‘1960களின் சட்டை’. விவரம் தெரிந்த வியாபாரிகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புத் துணிச்சீட்டில் ஈ என்ற ரோமன் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971க்கு முந்தைய தையல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், பழைய வார்ப்பைப் பார்த்துப் பின்னாளில் தைத்தவற்றிலும் அந்தப் பெரிய எழுத்து வருவதால் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காலம்தான் அவர்களுக்கு முக்கியம், அடைமொழி அல்ல. பல வாக்கியங்களில் பத்தாண்டைக் குறிப்பிட்டுவிட்டால் விண்டேஜ் என்ற சொல்லையே மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எண்ணி வைத்தால்தான் மொழிபெயர்ப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

தூய தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழ் எழுத்துகளும் தமிழ் வேரும் இருந்தும் படிப்பவருக்குத் தப்பாக விளங்கும் சொல்லைவிட, விண்டேஜ் என்றே எழுதிவிடுவது எவ்வளவோ மேல். இரண்டு இடங்களில் நானே அப்படித்தான் எழுதுவேன். ஒன்று கார். அங்கே விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளுக்கு வைத்த வகைப்பெயர், அதற்கு முந்தியவை வேறு வகை, பிந்தியவை வேறு வகை. ‘அந்தக் காலத்துக் கார்’ என்றால் மூன்றும் கலந்துவிடும், அதனால் விண்டேஜ் கார்தான். மற்றொன்று மது வகைகளின் பெயர்ச்சீட்டு. அங்கேயும் பெயரை அப்படியே விடலாம். ஆனால் விளக்கம் எழுத வேண்டியிருந்தால் ‘விளைந்த ஆண்டு’ என்று எழுதுவேன். நெடிய மூங்கில் குழாயில் இருந்து முற்றிய தேறலை ‘நீடமை விளைந்த’ என்கிறது திருமுருகாற்றுப்படை. வயலில் பயிர் விளைவதற்கும் குழாயில் மது முற்றுவதற்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல் இருக்கிறது, திராட்சைத் தோட்டத்தில் பிறந்த விண்டேஜுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.