புதிய தொழில்கள் பெருகினால் நாட்டின் போட்டித்திறன் கூடுமா? ஆய்வேட்டில் சறுக்கும் இடங்கள்

தொழில்முனைவையும் நாட்டின் போட்டித்திறனையும் இணைத்துப் பார்க்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல, புதிய தொழில்கள் பெருகினால் நாடு முன்னேறும் என்ற முடிவோடுதான் தொடங்குகின்றன. பிறகு இணையத்தில் கிடைக்கும் இரண்டு குறியீடுகளை எடுத்து ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் புள்ளியியல் முறை) ஓட்டினால் விடை தலைகீழாக வருகிறது. உடனே தரவைச் சந்தேகித்துச் சில நாடுகளை நீக்கிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. பெரும்பாலும் கோளாறு தரவில் இல்லை, எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டதில் இருக்கிறது.

பல நாடுகளில் தொழில்முனைவை அளக்கும், 1999-இல் தொடங்கிய 'ஜெம்' (Global Entrepreneurship Monitor) கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 18 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்களில், தொழில் தொடங்கும் முயற்சியில் இறங்கியவர்களும் 42 மாதத்தைத் தாண்டாத தொழிலை நடத்துபவர்களும் எத்தனை விழுக்காடு என்பதே அதன் முதன்மை அளவீடு. பதிவு செய்யாத தள்ளுவண்டிக் கடைக்காரரும் ஒருவர்தான், மென்பொருள் நிறுவனம் தொடங்கியவரும் ஒருவர்தான். சம்பள வேலை கிடைக்காத நாடுகளில் பிழைப்புக்காகவே பலர் சொந்தத் தொழிலில் இறங்குவதால் அங்கெல்லாம் இந்த விழுக்காடு உயர்ந்திருப்பது இயல்பு. உலக வங்கியின் அளவீடு வேறு: 15 முதல் 64 வயதுள்ள ஆயிரம் பேருக்கு எத்தனை புதிய வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனங்கள் பதிவாயின என்பது. இதில் பெரும்பாலும் பணக்கார நாடுகளே முன்னே நிற்கும். இரண்டையும் 'தொழில்முனைவு' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டு முடிவு முரண்படுகிறதே என்று திகைப்பதில் பொருளில்லை.

அடுத்தது பிழை வரம்பு. ஜெம் ஒரு நாட்டில் குறைந்தது 2,000 பேரிடம் கேட்கிறது. விடை 10 விழுக்காடு என்றால், எளிய சமவாய்ப்பு மாதிரி என்று கொண்டாலும் 95 விழுக்காடு நம்பக எல்லை ஏறத்தாழ 8.7 முதல் 11.3 வரை விரியும். அடுத்த ஆண்டு 11.5 வந்தால் "தொழில்முனைவு வளர்ந்தது" என்று எழுத முடியாது. இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டுக்கு வரம்பு இன்னும் அகலம், சுமார் 1.9 புள்ளி. ஒன்றரைப் புள்ளி ஏற்றம் அதற்குள் அடங்கிவிடும். இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் பல கொள்கைப் பரிந்துரைகள் எழுதப்பட்டே இருக்காது.

இதைவிட ஆபத்தானது சுற்றுவாதம். உலகப் பொருளாதார மன்றத்தின் 2018, 2019 போட்டித்திறன் குறியீட்டில் தொழில் தொடங்க ஆகும் செலவும் நாட்களும், தொழில் ஆபத்தை ஏற்கும் மனப்பாங்கும் உள்ளேயே இருக்கின்றன. அந்தக் குறியீட்டைச் சார்பு மாறியாகவும் (விளைவு), தொழில் தொடங்கும் எளிமையைச் சாரா மாறியாகவும் (காரணம்) வைத்தால் ஒன்றை அதன் பகுதியோடு ஒப்பிட்டதாகிவிடும். ஒட்டுறவு வலுவாக வரும், ஆனால் அது எதையும் நிறுவாது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பதில் இருக்காது.

தரவரிசையைச் சார்பு மாறியாக்காதீர்கள். பட்டியலில் நாடுகளின் எண்ணிக்கை மாறினாலே வரிசை மாறும்; மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள். 2018-இல் மன்றத்தின் குறியீட்டைக் கணக்கிடும் முறை மாறியதால் முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களை அதனோடு ஒட்டுப்போடக் கூடாது. ஜெம்மிலும் அப்படித்தான்: வாய்ப்பைத் தேடியா, வேறு வழியில்லாமலா என்று கேட்டுவந்த வினா, 2019 முதல் நான்கு நோக்கங்களாகப் பிரிந்தது. அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதை ஒருவரே ஏற்கலாம் என்பதால் பழைய பிரிவினையைப் புதிய தரவில் மீட்டெடுக்க முடியாது.

போட்டித்திறனுக்குப் பல அளவீடுகளைச் சேர்த்த கலப்புக் குறியீட்டை விட, ஒரு மணிநேர உழைப்புக்கான உற்பத்தி மதிப்பே தெளிவான அளவுகோல். அதற்குச் சில ஆண்டு கால இடைவெளி விட்டுப் பாருங்கள். இன்று தொடங்கிய நிறுவனம் இந்த ஆண்டே நாட்டின் உற்பத்தித்திறனை உயர்த்திவிடாது. தனித்தனி நிறுவனங்களின் தரவு கிடைத்தால் நிறுவனத்தின் அளவோடு அதன் வயதையும் சேருங்கள். அமெரிக்கத் தரவை வைத்து ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வயதைக் கணக்கில் கொண்டதும் சிறு நிறுவனங்களே அதிகம் வளர்கின்றன என்ற தொடர்பு மறைந்துபோனது.

ஆய்வு முறை அத்தியாயத்தில் ஒவ்வொரு மாறிக்கும் வரையறை, வயது வரம்பு, மாதிரி அளவு, முறை மாறிய ஆண்டு, கோப்பைப் பதிவிறக்கிய தேதி ஆகிய ஐந்தையும் ஒரே அட்டவணையில் எழுதி, ரெக்ரஷன் ஓட்டுவதற்கு முன்பே நெறியாளரிடம் காட்டுங்கள்.