சைக்கிள் கடையில் கிடக்கும் சிற்பக் கருவிகள்

எபொக்சி புட்டியில், அதாவது குழைத்து வைத்தால் இறுகும் பசையில், ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு கமக்காரரின் சிற்பத்தைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1:32 அளவு. சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி நிற்கிறார். சாரத்தின் மடிப்பைக் கீறப் போனால் புட்டி கருவியோடு ஒட்டிக்கொண்டு எழும்பி வருகிறது. அதை அழுத்தி ஒட்டினால் பக்கத்து மடிப்பு சப்பளிந்துவிடுகிறது. தொடக்கக்காரர் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பார். பெரும்பாலும் பிழை கருவியின் முனையில்தான், அதிலும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கும்.

இரண்டு பாகங்களைச் சேர்த்துக் குழைக்கும் இந்த இருகூட்டு எபொக்சி புட்டியைக் குழைத்த புதிதில் அதன் பிசின் பட்ட இடமெல்லாம் ஒட்டும். அரம் போட்ட உலோக முனையில் நுண்ணிய பள்ளங்கள் நிறைய. பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 240 இலக்க மண்கடதாசியின் துகள் ஏறத்தாழ 58 மைக்ரோமீற்றர், 1000 இலக்கத்தின் துகள் 18, 2000 இலக்கத்தின் துகள் 10. ஒவ்வொன்றும் விட்டுப்போகும் கீறல் அதனதன் அளவுக்கு ஏற்றது. கருவியைத் தண்ணீரில் தொட்டு வேலை செய்வதன் பயனும் இங்கேதான் தெரியும். மெருகேறிய முனையில் தண்ணீர் அறாத படலமாக நின்று புட்டியைப் பிரித்து வைக்கும். கரடான முனையிலோ கீறல்களின் முகடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு புட்டியைத் தொட்டுவிடும்.

ஆகவே நல்ல கருவிக்கு நல்ல உருக்கு வேண்டும் என்பது பாதி உண்மைதான். புட்டி எந்தக் கம்பியையும்விட மெதுமையானது. கடினத்தைவிட வடிவமும் மெருகுமே இங்கே பெரிது. இந்த இரண்டையும் கொடுக்க கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு சைக்கிள் திருத்தும் கடையின் கழிவுப் பெட்டி போதும்.

முதலில் சில்லுக் கம்பி. வழக்கமான தடிப்பு 2 மில்லிமீற்றர், ஒரு கம்பியில் இரண்டு கருவி செய்யலாம். நாக (துத்தநாக) முலாம் பூசிய சாதாரண உருக்கு, துருப்பிடிக்காத உருக்கு என இரண்டு வகை கிடைக்கும். காந்தத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். துருப்பிடிக்காத கம்பியும் இழுத்து மெலிதாக்கப்பட்டபோது சற்றுக் காந்தத்தன்மை பெற்றிருக்கும். வெட்டிய முனையை உப்புத் தண்ணீரில் நனைத்து ஓரிரவு விட்டுப் பாருங்கள். துருப்பிடிக்காததை எடுங்கள், ஏனென்றால் இந்தக் கருவி நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கப்போகிறது. முலாம் பூசியதை நெருப்பில் வைக்கவே கூடாது. அதிலிருந்து எழும் நாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உறுதிப்படும் என்று சிலர் செய்வதுண்டு. காபன் கூடிய தையல் ஊசிக்கு அது பொருந்தும். துருப்பிடிக்காத சில்லுக் கம்பி எதிர்மாறு: இழுத்தபோது வந்த விறைப்பைச் சூடு போக்கிவிடும், முக்கினாலும் அது திரும்பாது. சூடாக்காமல் பச்சையாகவே அடியுங்கள்.

பதின்மூன்று சென்ரிமீற்றர் வெட்டி, நுனியில் 12 மி.மீ. நீளத்தைத் தட்டையான இரும்பின்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நாலு தட்டுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். 2 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 3.1 சதுர மி.மீ. அதை 0.8 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 3.9 மி.மீ. அகலம் வர வேண்டும். உலோகம் நீளப்பாட்டுக்கும் ஓடுவதால் கைக்கு வருவது 3 மி.மீ. அளவுதான், அதுவே போதும். இன்னும் அகலம் வேண்டுமென்று அடித்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும். அடிக்க அடிக்க உலோகம் விறைத்துப்போவதே காரணம். வெடித்த துண்டை வெட்டி எறியுங்கள். அரத்தால் மறைத்தாலும் அந்த வெடிப்புக்குள் புட்டி போய்க் குந்தும்.

பிறகு அரத்தால் வேப்பிலை வடிவம். விளிம்பைக் கத்திபோலக் கூராக்க வேண்டாம், 0.3 மி.மீ. தடிப்பு விட்டு உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு புட்டியை அரியும், உருண்ட விளிம்பு தள்ளும். சாரத்தின் மடிப்பு தள்ளி எடுக்க வேண்டிய காரியம்.

மண்கடதாசி 240, 400, 600, 1000, 2000 என்று போகும். ஒவ்வொன்றிலும் முன்னதற்குக் குறுக்காகத் தேயுங்கள். பழைய கீறல் ஒன்றுகூடத் தெரியாத பிறகுதான் அடுத்த கடதாசி. கடைசியில் தோல் துண்டில் பிராசோ (உலோகம் மினுக்கும் திரவம்) அல்லது பற்பசை. ரியூப் லைற்றுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள்: வெளிச்சக் கோடு முறியாமல், ஓரம் கலங்காமல் நுனிவரை ஓட வேண்டும். எங்கே கலங்குகிறதோ அங்கே ஒரு படி பின்னுக்குப் போங்கள். வடிவத்துக்கு இருபது நிமிடம் எடுத்தால் மெருகுக்கு நாற்பது நிமிடம் எடுக்கும். அந்த நாற்பதைச் சுருக்கியவர்கள்தான் புட்டியைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது குண்டுமுனை. கண்குழி, முழங்கைப் பள்ளம், துணி திரளும் இடம் எல்லாவற்றுக்கும் இதுவே வேண்டும். பாவித்து முடிந்த பேனையின் முனையில் 0.7 அல்லது 1 மி.மீ. குண்டு ஆயத்தமாகவே இருக்கிறது. மையைச் ஸ்பிரிற்றில் கழுவி, உள்ளே ஒரு சொட்டு சுப்பர் குளூ விட்டுக் குண்டைச் சுழலாமல் பூட்டிவிடுங்கள். ஒரு குறை: குண்டு விழாமலிருக்க உறை அதைப் பாதிக்கு மேல் கவ்வியிருக்கும், ஆகவே ஆழமான குழி எடுக்க முடியாது.

முழுக் குண்டு வேண்டுமானால் நகைப் பத்தர் மணி உருட்டும் வழிதான். வீட்டு வயரிங்குக்கு இழுக்கும் 1/1.13 வயரின் (1.13 மி.மீ. தடிப்பில் ஒற்றைச் செப்புக் கம்பி) பிளாஸ்ரிக்கை உரித்துவிடுங்கள். எரித்து எடுக்க வேண்டாம், அந்தப் புகை அமிலம். செப்புக் கம்பியின் நுனியில் ஈர வெண்காரத்தைத் தடவி, குறட்டால் பிடித்து நேர் கீழே தொங்கவிட்டு, காஸ் ரோச்சின் உட்சுவாலை நுனியை அதில் காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கம்பி சிவக்கும், செம்மஞ்சளாகும். 1085 பாகை செல்சியசைத் தொட்டதும் நுனி திடீரென்று கண்ணாடிபோல மினுங்கி, தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு மேலே ஏறும். உருகிய செம்பின் மேற்பரப்பிழுவிசை ஆகக் குறைந்த பரப்பைத் தேடுகிறது, அந்தப் பரப்பு கோளத்துக்குத்தான் உண்டு. இரண்டு, மூன்று மி.மீ. வரை புவியீர்ப்பு அந்தக் கோளத்தைக் குலைக்காது. அதற்கு மேல் போனால் தண்ணீர்ச் சொட்டுப்போல நீண்டு விழுந்துவிடும்.

எவ்வளவு உருக்க வேண்டும் என்பதும் கணக்குத்தான். இந்த வயரின் குறுக்குவெட்டு ஒரு சதுர மி.மீ. இரண்டு மி.மீ. விட்டக் குண்டின் கனவளவு 4.2 கன மி.மீ., ஆகவே 4.2 மி.மீ. நீளம் உருக வேண்டும். ஒரு மி.மீ. குண்டுக்கு இந்த வயர் தடிப்புக் கூட. 0.5 மி.மீ. ரெலிபோன் வயரில் 2.7 மி.மீ. உருக்கினால் வரும். சிவப்பு மங்கிய பிறகு தண்ணீரில் போட்டு, கறுத்த பூச்சைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து நீக்கி, மேலே சொன்னபடி மெருகேற்றுங்கள்.

காய்ச்சிய செம்பு வளைந்து கொடுக்கும் என்பதால் பிடிக்கு வெளியே 15 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். ஒரே விசைக்கு வளைவு நீளத்தின் மும்மடிப்படி கூடும், விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி குறையும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்று.

பிறேக் வயரைப் பிரித்தால் 0.3 மி.மீ. அளவு உருக்கு இழைகள் கிடைக்கும். ஒன்றை வளையமாக மடித்துப் பேனைக் குழாயில் செருகினால் களிமண் சுரண்டும் கருவி தயார். பழைய சைக்கிளின் வால்வ் றப்பரைக் கூராக்கிய ஈர்க்கில் போர்த்து நுனியைச் சற்று வெளியே விட்டால் மென்முனை: கருவித் தடங்களை அழிக்க நல்லது, ஆனால் எண்ணெய் பட்டால் றப்பர் ஊதிவிடும். உழவு இயந்திர மாதிரியில் ஆணித்தலை வட்டம் பதிக்க, பாமசியில் புதிதாக வாங்கிய ஊசியின் கூரைத் தட்டையாகத் தேய்த்தெடுங்கள். 21 இலக்க ஊசியின் வெளிவிட்டம் 0.8 மி.மீ. பாவித்த ஊசியைத் தொடவே வேண்டாம்.

பிடிக்குப் பனஞ்சிலாகைத் துண்டு நன்றாகவே பொருந்தும், முனைக்குத்தான் ஆகாது. பனையின் கறுப்பு நார்கள் இரும்பாக இருந்தாலும் நடுவில் உள்ள சதை மெதுமை. ஈரம் பட்டதும் நார் சிலும்பிப் புட்டியில் கோடு போடும். மர முனை வேண்டுமென்றால் தச்சரிடம் பாலை அல்லது முதிரையில் ஒரு சிறு துண்டு கேளுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியைக் கொடுக்கும், நனைத்துத் தேயுங்கள்.

வன்னி வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்துப் பாகை கூடினால் எபொக்சியின் தாக்கம் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும். 20 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்யக்கூடிய புட்டி, மதியம் 35 பாகையில் அரை மணித்தியாலத்திலேயே விறைக்கத் தொடங்கும். கடலையளவு மட்டும் குழையுங்கள், அதுவும் கையுறையோடு, ஏனென்றால் பிசின் தோலில் ஒவ்வாமையை வளர்க்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னலோரம் இருந்தால் செம்மண் தூசி வந்து ஒட்டும். தண்ணீருக்குப் பதில் தேங்காயெண்ணெய் தொட்டால் வழுக்கும்தான், ஆனால் மேலே வைக்கும் அடுத்த படையும் பிடிக்காது, நிறமும் பிடிக்காது.

கருவியில் புட்டி காய்ந்துவிட்டால் பிளேட்டால் சுரண்டாதீர்கள். முனையை மட்டும் ஐந்து நிமிடம் கொதிநீரில் பிடித்தால் எபொக்சி இளகும், தடித்த துணியால் உருவி எடுக்கலாம். பிடிவரை அமிழ்த்தினால் பிடியை ஒட்டிய பசையும் சேர்ந்து இளகிவிடும். பிளேட்டால் சுரண்டிக் கீறல் விழுந்தால் திரும்பவும் 1000 இலக்க மண்கடதாசியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.