ஒன்பது ஃபேன் இருந்தும் ஏன் கொதிக்கிறது?

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர், தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) போட்டால் முதல் ஐந்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் நொண்டத் தொடங்கிவிடுகிறது என்றார். "ஒன்பது ஃபேன் போட்டிருக்கேன் சார், அப்பவும் சூடு குறையல." இதே வாக்கியத்தை ஒரே மாதத்தில் நான்காவது ஆளிடம் கேட்கிறேன். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

அவருடைய கேபினெட் இரண்டு பக்கம் கண்ணாடி. பக்கவாட்டில் மூன்று ஃபேன், அடியில் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. எல்லாம் வண்ண விளக்கு எரிகிற ஃபேன்கள். ஓடவிட்டு, ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பக்கவாட்டு வலையருகே பிடித்தேன். உள்ளே இழுபட்டு வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் வெளியே பறந்தது. அடியிலும் அப்படியே. ஒன்பது ஃபேனும் காற்றை வெளியே தள்ளுகின்றன, உள்ளே கொண்டுவர ஒன்றுகூட இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால் காரணம் எளிது. ஃபேனுக்கு ஒரு அழகான முகம் உண்டு, மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் தெரிகிற முதுகும் உண்டு. சாதாரண ஃபேன் முகத்தின் வழியாகக் காற்றை இழுத்து முதுகின் வழியாகத் தள்ளும். பக்கவாட்டிலும் அடியிலும் உள்ள ஃபேன் காற்றை உள்ளே அனுப்ப வேண்டுமானால், கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு முதுகுதான் தெரியும். அது பிடிக்காமல் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். அழகும் வேண்டும் என்றால் இறக்கையை எதிர்ப்பக்கம் வளைத்துச் செய்த ரிவர்ஸ் ஃபேன் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சில ஃபேன்களின் விளிம்பிலேயே காற்றுத் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். மாட்டும் முன் ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். தூசி வடிகட்டும் ஃபில்டர்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. ஆனால் பின்பக்கம் கார்டு செருகும் இடுக்குகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தூசி கோடு கட்டியிருந்தது. வாசல் இல்லாததால் காற்று சந்து பொந்து வழியாக நுழைந்திருக்கிறது, தூசியையும் சேர்த்துக்கொண்டு. ஃபில்டர் சுத்தமாகவும் இடுக்கு அழுக்காகவும் இருந்தால் உங்கள் பெட்டியில் உள்ளே வரும் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபேன் குளிரை உண்டாக்குவதில்லை. அது காற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டு 300 வாட், ப்ராசஸர் 100 வாட் இழுக்கிறது என்றால், அந்த 400 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகக் காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூடான பாகங்களைக் கடந்து, மறுபக்கம் வெளியேற வேண்டும். நுழையும் வழியை அடைத்துவிட்டு வெளியேறும் வழியில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் அவை உறிஞ்சக் காற்று இருக்காது. எத்தனை ஃபேன் என்று கேட்காதீர்கள், காற்று எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்றை வெளியே தள்ளவும் மாட்டினால், பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அதுவே போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும், அப்போது தூசி ஃபில்டரிலேயே நின்றுவிடும். மேற்புறத்தில் முன் ஓரமாக, காற்றை வெளியே தள்ளும்படி ஒரு ஃபேனைப் பொருத்தாதீர்கள். முன்னாலிருந்து வருகிற புதுக்காற்று ப்ராசஸரை எட்டும் முன்பே அது பிடுங்கி வெளியே போட்டுவிடும்.

அவர் பெட்டியில் ஆறு ஃபேன்களைக் கழற்றித் திருப்பினேன். வேறு எதையும் தொடவில்லை. அதே ரெண்டரில் 95 டிகிரியில் முட்டிக்கொண்டிருந்த ப்ராசஸர் 80க்குப் பக்கத்தில் வந்து நின்றது. (95 டிகிரியைப் பார்த்ததும் எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசஸர்கள் அந்த அளவு வரை ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு எல்லை 100. எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நொண்டல் அதுதான்.)

அடுத்து, பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு "இப்ப நல்லா இருக்கு" என்பவர்கள். கதவைத் திறந்ததும் பத்து டிகிரி இறங்கினால் அது தீர்வு இல்லை, உங்கள் கேபினெட் மூச்சு முட்டுகிறது என்பதற்கு ஆதாரம். சோதித்துப் பாருங்கள், பிறகு கதவை மூடிவிட்டு வாசலைச் சரி செய்யுங்கள். திறந்தே வைத்தால் தூசி படியும், ஒயர் ஃபேனில் சிக்கும், குழந்தையின் விரலும் போகும்.

கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியைத் தள்ளி வைப்பதும் இதே கதைதான். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மறுபடி இழுக்கிறது. ப்ராசஸர் மேல் மாட்டி, காற்றால் குளிர்விக்கும் எந்த கூலரும் அதன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைவிடக் கீழே கொண்டுபோக முடியாது. பெட்டியை வெளியே எடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை) அடியில் இருந்து கீழ்ப்பக்கமாகக் காற்றை இழுக்கிற வகையானால் மெத்தென்ற விரிப்பின் மேல் வைக்காதீர்கள்.

கூலரை மாட்டும் முன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உரிக்காமல் வந்த கூலர்களை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். ப்ராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், ப்ராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களை மூலைக்கு மூலை எதிராக அழுத்துங்கள், நான்கும் 'டக்' என்று விழ வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் கூலர் ப்ராசஸரில் ஒட்டாது. கோபுரம் போல நிமிர்ந்து நிற்கும் டவர் கூலர் என்றால் அதன் ஃபேன் பின்பக்க ஃபேனை நோக்கி ஊதட்டும்.

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு முறை நுழைந்து ஃபேன் அமைப்பைப் பாருங்கள். மூன்று பின் ஃபேனை, நான்காவது பின் வழியாக வேகத்தை மாற்றும் பிடபிள்யூஎம் முறையில் விட்டால் அது எந்நேரமும் முழு வேகத்தில் இரையும், வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள்.

தூசி தட்டுவதை மாதம் ஒருமுறை ஃபில்டரில் தொடங்குங்கள். உள்ளே ஊதும்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழலவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். வெளியிலிருந்து தூசியை ஊதுங்கள். அதற்குள்ளிருந்து சத்தமோ கருகல் வாடையோ வந்தால் மாற்றிவிடுங்கள்.