பூங்கா வாசலுக்கு உள்ளே எந்த அரசின் சட்டம்?

"அண்ணா, கடையில பில் போட்டு வாங்கினதுதான். இந்த மாநிலத்துல அது குற்றமே இல்லையே?"

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி போனில் கேட்டது இது. நண்பர்களோடு கலிபோர்னியாவில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். காரில் கஞ்சா கலந்த மிட்டாய் ஒரு பாக்கெட். பூங்காக் காவலரான ரேஞ்சர் கண்ணில் பட, அபராத டிக்கெட் எழுதிவிட்டார். ஆன்லைனில் பணத்தைக் கட்டி முடித்துவிடலாமா என்பதுதான் கேள்வி. தம்பி இருப்பது எச்-1பி விசாவில்.

கட்டாதீர்கள், முதலில் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன்.

21 வயதானவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம் என்று கலிபோர்னியா மக்கள் 2016-இல் வாக்களித்தது உண்மைதான். ஆனால் அது மாநிலச் சட்டம். தேசியப் பூங்காவில் மத்திய அரசின் பூங்கா விதிகள் அதைத் தடுக்கின்றன. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். குடியேற்றச் சட்டமும் மத்திய அரசுடையதே. அதன் கண்ணில் கஞ்சா இன்றும் குற்றப்பொருள். பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகலாம். விசா நீட்டிப்பிலோ கிரீன் கார்டு நேர்காணலிலோ அது எழுந்து நிற்கும். நம் பிள்ளைகள் பலர் இதை பார்க்கிங் டிக்கெட் போல நினைப்பதுதான் எனக்குக் கவலை.

சரி, பூங்கா என்றாலே மத்திய அரசின் சட்டம் மட்டும்தானா? அப்படியும் இல்லை. எல்லோஸ்டோன் போன்ற இடங்களில் அதிகாரம் முழுக்க மத்திய அரசின் கையில். 1872-இல் பூங்கா உருவானபோது வயோமிங் ஒரு மாநிலமே இல்லை, 1890-இல்தான் ஆனது. பூங்கா மொன்டானா, ஐடஹோ மாநிலங்களுக்குள்ளும் நீள்கிறது. ஆனாலும் மத்திய நீதிமன்றக் கணக்கில் மொத்தமும் வயோமிங் மாவட்டம்தான். வேறு சில பூங்காக்களில் மத்திய அரசு நிலத்தின் உரிமையாளர் மட்டுமே. அங்கே பூங்கா விதிகள் செல்லும். திருட்டு, அடிதடி போன்றவை மாநிலத்தின் பொறுப்பு.

மூன்றாவது வகை, இரண்டு அரசுக்கும் சேர்ந்த அதிகாரம். முடிந்தவரை எல்லாப் பூங்காக்களிலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவர முயலவேண்டும் என்று 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. காரணம் நியாயமானது. ரேஞ்சர், உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் இருவரில் யார் முதலில் வந்தாலும் நடவடிக்கை எடுக்க முடிந்தால்தான் பாதிக்கப்பட்டவருக்கு நல்லது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே செயலுக்கு இரண்டு அரசும் தனித்தனியே வழக்குப் போடலாம். அது இரட்டைத் தண்டனை ஆகாது என்று 2019-இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

மாநிலச் சட்டம் பூங்காவுக்குள் வேறு வழியாகவும் வந்துவிடும். போக்குவரத்தில், பூங்கா விதி பேசாத இடத்தில் அந்த மாநில விதியே பொருந்தும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு மத்திய வரம்பு ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம், மாநில வரம்பு அதைவிடக் கடுமையானால் மாநிலத்துடையதே செல்லும். யூட்டாவில் அது 0.05. ஆகவே சயான் பூங்காவுக்குப் போகிறவர்கள், இரண்டு பீர்தானே என்று சாவியை எடுக்காதீர்கள். துப்பாக்கி வைத்திருப்பதும் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படிதான், ஆனால் பார்வையாளர் மையம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது.

டிக்கெட் கையில் வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். 'யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்' என்று இருந்தால் அது மத்திய நீதிமன்றத்துக்குப் போகும் தாள். அவசரப்பட்டுக் கட்டவும் வேண்டாம், மேசையில் போட்டு மறக்கவும் வேண்டாம்; குறித்த தேதியில் போகாவிட்டால் வாரண்ட் வரலாம். விசாவில் இருப்பவர்கள் குற்றவியல் வழக்கறிஞர், குடியேற்ற வழக்கறிஞர் இருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அந்தத் தம்பி நல்லவேளையாகக் கட்டவில்லை. வழக்கு இப்போது மாஜிஸ்ட்ரேட் முன்னால் இருப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியாது.