மைக்குக்கு முன்னால் அறையைக் கவனியுங்கள்

வீட்டிலேயே கணினியில் பதிவு செய்து அனுப்பப்படும் பாடல்களை மிக்ஸிங் செய்து கொடுப்பது, அதாவது குரலையும் கருவிகளையும் சமன்செய்து ஒன்றாகக் கலப்பது, என் தொழில். ஒரு ட்ராக்கை (தனியாகப் பதிந்த ஒலியை) கேட்டதும் அது எந்த மைக் என்று பெரும்பாலும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் எப்படிப்பட்ட அறையில் பாடியிருக்கிறார்கள் என்பது பல்லவி முடிவதற்குள் தெரிந்துவிடும். இருந்தும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான்.

பாடும் குரல் மைக்கை நேராக வந்து அடைகிறது. அதே குரல் சுவரிலும் தரையிலும் பட்டு, சில மில்லிவினாடிகள் தாமதமாக மறுபடியும் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே ட்ராக்கில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு. அளவு மீறினால் அவை குரலின் குழைவையும் சேர்த்தே சுரண்டிவிடும்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் கணகணவென்று ஏதாவது நீடித்தால், பாட வேறு இடம் தேடுவது நல்லது. திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இருக்கும் படுக்கையறை பெரும்பாலும் கைகொடுக்கும். பலர் ஒலி உறிஞ்சும் பஞ்சை மைக்குக்குப் பின்னால் மட்டும் ஒட்டுகிறார்கள். பாட்டுக்குப் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்ட் வகை: முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் காது மந்தம். அதனால் பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் நேராக மைக்குக்குள் நுழைகிறது. கனமான போர்வையை அங்கே தொங்கவிடுங்கள். மெல்லிய பஞ்சும் முட்டை அட்டையும் வெளியிலிருந்து வரும் வண்டிச் சத்தத்தைத் தடுக்காது. அதற்குச் சுவரின் கனம் வேண்டும்.

அறையைச் சரிசெய்ய வழியே இல்லை என்றால், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கம்பி வழியே வரும் மின்சாரம்) கேட்கும், சிறு ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைவிட, அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காத டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதே என் பரிந்துரை. மின்விசிறியும் குளிர்சாதனமும் அணைந்திருக்கட்டும். கண்டென்சர்தான் என்றால் ஒரு சாண் தூரம், நடுவில் வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வலை. மிகவும் நெருங்கினால் குரலில் அடித்தொனி வீங்கிக்கொள்ளும்.

அடுத்தது லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு. மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் நன்றாகப் பதிகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டிய ஒலி அப்படியே வெட்டுப்படும். 24 பிட்டில் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பதியும் அமைப்பில்) பதிவு செய்தால், சற்றுக் குறைவாகப் பதிந்ததைப் பின்னால் தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். பாட்டின் உச்ச இடத்தை முழுக் குரலில் பாடவைத்து, அது மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு, மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைத் திருப்புங்கள். சோதனையில் தயங்கிப் பாடியவர், உண்மையான பதிவு ஓடும்போது கட்டாயம் உரக்கப் பாடுவார்!

"பாடினால் என் குரல் தாமதமாகக் கேட்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் பஃபர் அளவே காரணம். கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்களாக (ஒலித்துணுக்குகளாக) சேர்த்துக் கையாள்கிறது என்பதே அது. விநாடிக்கு 44,100 சாம்பிள் வீதத்தில் பஃபர் 1024 என்றால் ஒரு வழிக்கே சுமார் 23 மில்லிவினாடி. உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய இரட்டிப்பு. 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லிவினாடிதான். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை மறக்காமல் நிறுவுங்கள். இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டரிங் (பாடுவதை உடனே கேட்கும்) வசதி இருந்தால், குரல் கணினியைச் சுற்றி வராமலே காதுக்கு வந்துவிடும். மிக்ஸிங் செய்யும்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. காதை முழுதாக மூடும், கம்பியுள்ள ஹெட்போன்தான் வேண்டும். இல்லையென்றால் தாளம் காட்டும் மெட்ரோனோமின் டிக் டிக் ஒலி கசிந்து குரல் ட்ராக்கில் பதியும்.

பதிவு செய்யும் மென்பொருள் விஷயத்தில் நான் அதிகம் வாதாடுவதில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியுடன் சோதித்துப் பார்க்கலாம். ஏதோ ஒன்றில் கை பழகட்டும். பூட்டு உடைத்த பிளக்இன்களை (அந்த மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்களை) மட்டும் இறக்காதீர்கள். அவற்றோடு வைரஸும் கூடவே வந்து, சேமித்த பாடல்களெல்லாம் பறிபோகக்கூடும்.

மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது எம்பி3 வேண்டாம். 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். குரல் இரண்டாம் நிமிடத்தில் தொடங்கினாலும் எல்லா ட்ராக்குகளும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே இருக்கட்டும். எது எங்கே பொருந்தும் என்று நான் ஊகிக்க வேண்டியிருக்காது. ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டால்தான் பாட்டு மனசுக்குப் பிடிக்கிறது என்றால் போட்டே அனுப்புங்கள். கூடவே, அது இல்லாத பிரதி ஒன்றும் வரட்டும்.