தான் தாபிங்: தோசை போல் விரியும் நகரம்

பெய்ஜிங் வளர்ந்த விதத்தைக் குறை சொல்ல சீனர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'தான் தாபிங்'. 'தாபிங்' என்றால் பெரிய வட்ட ரொட்டி. 'தான்' (நம்முடைய 'தான்' இல்லை) என்றால் பரப்புவது. கல்லில் மாவைப் பரப்புவதற்கும் அதே சொல், சாமானைப் பரப்பி விற்கும் தெருக்கடைக்கும் அதே சொல். நாம் 'கடை விரிப்பது' என்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி.

பெயர்ப் பொருத்தம் அபாரம். பழைய நகர மதிலை இடித்த தடத்தில் ஓடுவது இரண்டாம் சுற்றுச்சாலை, சுமார் 33 கி.மீ. (முதலாவது என்று அதிகாரபூர்வமாக ஒன்று கிடையாது.) அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து என்று கரண்டி சுழன்றுகொண்டே போய், 2009இல் முடிந்த ஆறாவது சாலை சுமார் 188 கி.மீ. ஆனது.

நகரம் கண்டபடி பரவுவதை ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரால்' என்பார்கள்; 'தான் தாபிங்'கை அந்தச் சொல்லோடு சேர்த்துவிடுகிறார்கள். அது கைகாலைப் பரப்பிக் கிடப்பதைக் குறித்த சொல். தனித்தனி வீடுகளாகச் சிதறிய அமெரிக்கப் புறநகருக்குச் சரி. பெய்ஜிங்கின் வெளிவட்டங்களிலோ அடுக்குமாடிகள் நெருக்கமாக நிற்கின்றன. அங்கே பற்றாக்குறை தெருக்களுக்குத்தான். மதில் சூழ்ந்த ஒவ்வொரு குடியிருப்பு வளாகமும் பெரும் பரப்பை விழுங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் பாதைகள் ஊருக்கு உதவுவதில்லை. பின்பக்கத் தெருவுக்குப் போகக்கூட வளாகத்தையே சுற்ற வேண்டும். வண்டிகளெல்லாம் இருக்கிற சில அகலச் சாலைகளில் வந்து குவிகின்றன. 2016 பிப்ரவரியில் சீன நடுவண் அரசு, இனிப் பொதுவாக மதில் வளாகங்கள் கட்டக் கூடாது என்றது. நகரங்களில் சதுர கி.மீ.க்கு சராசரியாக 8 கி.மீ. தெரு என்று 2020க்கு இலக்கும் வைத்தது. இருக்கிற வளாகங்களையும் படிப்படியாகத் திறக்கச் சொன்னதும் குடியிருப்போர் கொதித்துவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நகர விரிவாக்கம்' வேண்டாம். அது அரசாணைச் சொல். சாதனை போல ஒலிக்கிறது. 'நகரப் பரவல்' தேவலை, நோய்ப் பரவலின் சாயலில் கொஞ்சம் குறைகூறலும் தொனிக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே மையத்திலிருந்து வட்டமாகக் கிளம்பியது அதில் இல்லை. 'ஸ்ப்ரால்' என்பதற்கு நகரப் பரவல் இருக்கட்டும். 'தான் தாபிங்'குக்கு என் ஓட்டு 'தோசைப் பரவல்'. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மாவு விழுந்தது நடுவில். வேலையும் பெரிய மருத்துவமனைகளும் பெரும்பாலும் உள்வட்டங்களிலேயே இருக்க, வீடுகள்தான் ஓரத்துக்குப் போயின.

பெய்ஜிங்குக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் சியோங்ஆன் என்ற புதுநகரத்தை 2017இல் அறிவித்தார்கள். தோசைக் கணக்கில், மாவை வேறு கல்லில் ஊற்றிப் பார்க்கிறார்கள்.