பறக்கும் தட்டுக் கோப்பு வேண்டுமா? முதலில் தேதியைச் சொல்லுங்கள்

பழைய அரசாங்க ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். தாத்தா வந்திறங்கிய கப்பல், கம்பத்து வீட்டு நிலப்பத்திரம் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு 2020 ஏப்ரலில் அடையாளம் தெரியாத வான்பொருள்களைக் காட்டும் கடற்படை விமானிகளின் மூன்று காணொளிகளை வெளியிட்ட பிறகு, வானில் கண்டதைப் பற்றிக் கோப்பு கேட்பவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். கையோடு ஒரு கடிதமும் எழுதி வருவார்கள்: “அடையாளம் தெரியாத வான்பொருள்கள் பற்றி உங்களிடம் உள்ள அனைத்தையும் அனுப்பி, உண்மையை விளக்கவும்.”

அந்தக் கடிதத்தால் பயனில்லை. தகவல் பெறும் சட்டங்கள் பொதுவாகக் கொடுப்பது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட தாளை. விளக்கம் சொல்லவோ கருத்துச் சொல்லவோ அதிகாரியை அவை கட்டாயப்படுத்துவதில்லை.

சிங்கப்பூரில் அப்படிப் பொதுவான ஒரு சட்டமே கிடையாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமா என்பார்கள். அது அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. இங்குள்ள நேர்வழி தேசிய ஆவணக் காப்பகம். அதன் இணையப் பட்டியலில் கோப்பைக் கண்டுபிடித்து விண்ணப்பித்தால், தேவைப்படும் இடத்தில் கோப்பைக் கொடுத்த அமைப்பின் அனுமதியைக் கேட்பார்கள். அனுமதி வரலாம், வராமலும் போகலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேள்வி எழுப்பச் சொல்வது இன்னொரு வழி. “ராணுவத்தில் மச்சான் இருக்கிறான், படம் எடுத்து அனுப்புவான்” என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின்படி கொடுப்பவர் மட்டுமல்ல, ரகசியம் என்று தெரிந்தே வாங்கிக்கொள்பவரும் குற்றவாளி.

வெளிநாட்டுக் கதவுகள் சில நமக்கும் திறந்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்திலும் பிரிட்டனில் 2005 முதல் நடப்பிலுள்ள சட்டத்திலும் எந்த நாட்டவரும் கேட்கலாம். இரண்டிலும் பதிலுக்கான கெடு 20 வேலை நாள்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகளிடம் அது வருடக்கணக்கில் இழுக்கும் என்பது வேறு விஷயம். நியூசிலாந்தும் கனடாவும் தங்கள் குடிமக்கள், தங்கள் மண்ணில் இருப்பவர்கள் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும். ஆகவே இங்கே வேலை அனுமதியில் இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி 10 ரூபாய்க் கட்டணத்தில் டெல்லிக்கு மனுப் போடலாம். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரராக இருக்கும் நான் போட முடியாது!

இனி, கேட்கும் விதம். “அன்று அந்த நேரத்தில் அதை யார் எழுதி வைத்திருப்பார்கள்?” என்று யோசியுங்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பதிவேடா, படைத்தளத்தின் நாள்குறிப்பா? 1970ல் சிங்கப்பூரின் தெங்கா பக்கம் இரவு பத்து மணிக்கு உங்கள் அப்பா ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தெங்கா பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். அவர்கள் கிளம்பியது 1971ல். எனவே தாள் எஞ்சியிருந்தால் லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். நேரத்தையும் மாற்ற வேண்டும். 1982க்கு முன் நம் கடிகாரம் கிரீனிச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் ஓடியது. கிரீனிச் நேரத்தில் எழுதிய பதிவேட்டில் இரவு பத்து மணி 14:30 என்றிருக்கும். எட்டு மணி நேரத்தைக் கழித்துக் கேட்டால், அரை மணி தள்ளி வேறொரு பதிவுக்குப் போய் நிற்பீர்கள்.

“அப்படி ஆவணம் இல்லை” என்ற பதில் வந்தால் உடனே சதி என்று முடிவுகட்ட வேண்டாம். 1967 வரை பிரிட்டனில் இத்தகைய புகார்களை ஐந்தாண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது வழக்கம். அமெரிக்கா தரும் இன்னொரு பதில், “இருப்பதாகவும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம்.” 1970களில் குளோமார் என்ற கப்பல் விவகாரத்தில் பிறந்தது அது. எரிச்சல் வரும், ஆனால் மேல்முறையீடு செய்யலாம். சரியாகக் குறிவைத்த மனுவுக்குப் பலனும் உண்டு. பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சு 2000ல் ரகசியமாக முடித்த, இத்தகைய வான்பொருள்கள் பற்றிய கான்டைன் அறிக்கை 2006ல் வெளிவந்தது ஆய்வாளர்கள் போட்ட தகவல் மனுவால்தான்.

மனுவுக்கு முன், வெளியானதைப் படித்துவிடுங்கள். பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் ‘புளூ புக்’ திட்டம் 1969ல் மூடப்பட்டபோது 12,618 புகார்கள் பதிவாகியிருந்தன. விளக்கம் கிடைக்காதவை 701. அந்தக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கின்றன. இத்தகைய புகார்களை ஆராயும், பிரெஞ்சு விண்வெளி மையத்தின் ஜெய்பான் பிரிவு 2007 முதல் தன் கோப்புகளை இணையத்தில் வைத்துள்ளது. இதே தாள்களைத்தான் ‘கசிந்த ரகசியம்’ என்று சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் காசுக்கு விற்கிறார்கள். வாங்கிவிட்டு என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவருபவர்களுக்கு, அசல் இலவசமாகக் கிடைக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது.